எந்த மாட்டைக் கொடுப்பது

ஐப்பசி பிறந்ததிலிருந்து செல்வகுமாரி பால் கறக்க உட்காருவதற்கு முன்னால் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். குருவிநத்தத்தில் அவள் வீட்டுக்கும் தென்பெண்ணைக் கரைக்கும் கூப்பிடு தூரம்தான். கரைமேல் ஏறி நின்று தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்ப்பாள். அடி மணல் தெரிய ஓடினால் அன்றைக்குப் பயமில்லை. செம்மண் கலங்கி, நுரையும் செத்தையுமாக வந்தால் மேற்கே எங்கோ பெரிய மழை. பார்த்துவிட்டு வந்தாலும் மனசு அடங்காது. பால் சொசைட்டி வரிசையில் யாராவது போனைத் தடவிக்கொண்டு நின்றால் மேற்கே சாத்தனூர் அணையைத் திறந்ததாக ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பாள். நாளடைவில் அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட ஆரம்பித்தார்கள், இன்னும் திறக்கவில்லை என்று. சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் நாகராஜன் ஊரில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்ததில் இடது கையும் இடது காலும் சரியாக வராமல் போய், இப்போது கோலை ஊன்றி வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடக்கிறார். ஒரே மகள் ஜெயப்பிரியாவை வில்லியனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மகள் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஆறு உருப்படி மாடுகளும்தான். கருப்பி என்று ஒரு சீமைப் பசு, அதன் காளைக்கன்று. செவலை என்று ஒரு பசு, அதன் பெண் கன்று. சினையாக இருக்கும் ஒரு கிடேரி. மயிலை என்கிற கிழட்டு நாட்டுப் பசு. மயிலைக்குப் பால் வற்றி வெகு காலம் ஆகிறது.

போன கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது கருப்பி இந்த வீட்டில் இல்லை. அப்போது சுட்டி இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள பசு; இப்போது சினையாக இருக்கும் கிடேரி அது போட்டதுதான். அன்றைக்கு விடியற்காலையில் தெருவில் சலசலவென்று சத்தம் கேட்டுச் செல்வகுமாரி கதவைத் திறந்தாள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போனது. நாகராஜன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்தன. எழுந்து உட்காரக்கூட ஆள் பிடிக்க வேண்டும். தெருக்கோடியில் டிராக்டர் வந்து ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களைக் கூப்பிட்டு அவரைத் தூக்கி டிரெய்லரில் கிடத்திவிட்டு, நீயும் ஏறு என்று எல்லாரும் கத்தக் கத்த அவள் திரும்பி ஓடினாள். கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். கதிர் அரிவாளால் ஒவ்வொரு கயிறாக அறுத்தாள். மயிலை மேட்டுப் பக்கம் போனது. அதன் பின்னாலேயே செவலையும் கிடேரியும் நீந்தின. சுட்டி மட்டும் மிரண்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் இழுப்பில் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு கரும்புக்கொல்லை வேலிக் கம்பியில் கழுத்துக் கயிறு சிக்கிச் சுட்டி செத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள்.

பால் கணக்கு விழுந்துவிட்டதென்று சுட்டிக்குப் பதிலாகத்தான் கருப்பியை வாங்கினாள். கருப்பி கொடுத்த பாலில்தான் இந்த ஒரு வருஷம் வீடு நடந்தது. ஆனால் மறுபடி மேகம் கூட ஆரம்பித்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புல் அறுக்கும்போது, தவிடு கரைக்கும்போது, ஒரு யோசனைதான் ஓடியது. தண்ணீர் வந்தால் முதலில் இவரைக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் மாடுகளை யார் அவிழ்ப்பது? அவிழ்த்தாலும் எது எந்தப் பக்கம் போகும்?

ஜெயப்பிரியா தினமும் போன் செய்தாள். எல்லா மாட்டையும் கொடுத்துவிட்டு அப்பாவோடு வில்லியனூருக்கு வந்துவிடச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று செல்வகுமாரி கேட்கவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு கொட்டகையில் நின்று ஒவ்வொரு மாடாகப் பார்ப்பாள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம், இரண்டு உருப்படி குறைந்தால்கூடச் சமாளிக்கலாம் என்று தோன்றும். எந்த இரண்டு என்பதில்தான் யோசனை நின்றுவிடும்.

நாகராஜனிடம் சொன்னபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னொரு நாளும் சொன்னாள். அப்போதும் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக் காசம்மாள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், மயிலையைத் தள்ளிவிடு என்று. தின்பதற்கு மட்டும் வாய் இருக்கிறது, கறப்பதற்கு மடி இல்லை, எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றாள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று செல்வகுமாரிக்கும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை குட்டி யானை லோடு வண்டியொன்றைப் பேசி மயிலையை ஏற்றிக்கொண்டு மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனாள். நாகராஜன் வாசல் வரை வந்து பார்த்தார்.

சந்தையில் சேறு மிதிபட்டுக் கிடந்தது. மயிலையை ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்று வாங்க வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஒருவர் வந்து வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பல்லையும் பார்க்கவில்லை, மடியையும் பார்க்கவில்லை. தொடையை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்ச தூரத்தில் நின்ற லாரியைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். லாரியில் ஏற்கெனவே நெருக்கியடித்து மாடுகள் நின்றிருந்தன. ஒன்றின் தலை இன்னொன்றின் முதுகில் கிடந்தது.

அவர்களில் ஒருவர் மயிலையின் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மயிலை அவரோடு நடந்தது. யார் கயிற்றைப் பிடித்தாலும் நடக்கிற மாடு அது. நாலு எட்டுப் போயிருக்கும். செல்வகுமாரி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"வேணாங்க. நான் குடுக்கல."

அவர் விலை போதவில்லையா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டு விளையாடுகிறாயா என்று அவர் திட்டிக்கொண்டே போனார். வந்த வண்டியிலேயே மயிலையை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் தூறல். செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு உருப்படி அப்படியே இருக்கிறது, மழையும் பிடித்துக்கொண்டது என்பது மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பால் கறந்து முடித்து வந்தவளை நாகராஜன் உட்காரச் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு நாக்கு கொஞ்சம் குழறும்; அதனாலேயே பேச்சைக் குறைத்திருந்தார். அன்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அன்னிக்கு என்னய ஏத்திவுட்டுட்டுத்தான் நீ திரும்பிப் போன. நான் நல்லா இருந்திருந்தா சுட்டி செத்திருக்காது. இப்ப மத்ததயும் என்னாலதான் விக்கப் போற. அப்பறம் நான் இந்த வூட்ல எதுக்குக் குமாரி ஒக்காந்துனு இருக்கறன்?"

இத்தனை நாளும் அவர் எழுந்து எழுந்து போனது இதற்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மாடு மேல் ஆசை, விற்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சுட்டி செத்த கணக்கை ஒரு வருஷமாக அவர் தன் தலையில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தாள். ஆனால் அவளுக்குள்ளும் தேங்கிக் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்களயும் இட்டுனு போவணும், மாட்டயும் இட்டுனு போவணும். எனக்கு இருக்கறது ரெண்டு கைதான? மறுபடி அந்தத் தண்ணியில நின்னு எத அறுக்கறது, எத வுடறதுன்னு என்னால பாக்க முடியாது."

நாகராஜன் கோலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, தண்ணீர் வந்த பிறகுதானே ஓட வேண்டியிருக்கிறது, வருவதற்கு முன்னால் நடந்து போனால் என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடம் வரை ஒரு தடவை எல்லாரும் நடந்து பார்ப்போம், நானும் நடக்கிறேன் என்றார். நடுவில் விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று அவள் பதறினாள். விழுந்தால் எழுப்பிவிடு என்றார்.

மழை விட்டிருந்த ஒரு மதியம் கிளம்பினார்கள். பார்த்தவர்களுக்கு மேய்க்க ஓட்டிக்கொண்டு போவது போலத்தான் இருந்திருக்கும். கன்றுகள் இரண்டையும் காசம்மாள் பிடித்துக்கொண்டாள். இதென்ன கூத்து என்று அவள் கேட்டாலும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கருப்பி அடம் பிடிக்கும் என்று தெரிந்து அதன் கயிற்றைச் செல்வகுமாரி தன் கையில் வைத்துக்கொண்டாள். மயிலையை நாகராஜனிடம் விட்டாள். அவர் வலது கையில் கோலைப் பிடித்துக்கொண்டு, வராத இடது கையைத் தூக்கி மயிலையின் திமில்மேல் போட்டுக்கொண்டார். மயிலை வயசான மாடு. வேகமாக நடக்க அதனாலும் முடியாது. அவர் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி வைத்தது. செவலையும் கிடேரியும் யாரும் பிடிக்காமலே அதன் பின்னால் போயின. ஆற்றங்கரையில் மேய்ந்து வளர்ந்த மாடுகள். மயிலை போகிற வழிதான் அவற்றுக்கு வழி.

கருப்பி அப்படி வளர்ந்ததில்லை. கன்றாக இருந்ததிலிருந்து ஷெட்டில் கட்டி, இருந்த இடத்தில் தீனி போட்டு வளர்த்த பசு. தெருவில் இறங்கியதுமே கண்ணை உருட்டியது. ஒரு மோட்டார் சைக்கிள் தாண்டிப் போனதும் பக்கவாட்டில் துள்ளியது. வாய்க்கால் மதகுக்கு வந்தபோது கீழே தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. தட்டினாள், கொஞ்சினாள், முன்னால் போய் இழுத்தாள். சாணம் போட்டுக்கொண்டு அப்படியே நின்றது. மறுபடி இழுத்தபோது தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, வந்த வழியே ஓடியது. கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது.

கையைப் பிடித்துக்கொண்டு மதகருகே நின்றாள். பின்னால் கருப்பி வீட்டை நோக்கி ஓடுகிறது. அதன் கன்று காசம்மாளை இழுத்துக்கொண்டு அம்மா அம்மா என்று கத்துகிறது. முன்னால், மதகைத் தாண்டிய சாலையில், அவள் வீட்டுக்காரர் கிழட்டு மாட்டின்மேல் கையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார். மற்ற இரண்டும் அவர் பின்னால். தண்ணீர் வருகிற நாளாக இது இருந்தால் நான் எந்தப் பக்கம் ஓடியிருப்பேன் என்று நினைத்தாள்.

அவர் விழவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார்.

கருப்பியைக் கொடுப்பது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்லப் பல நாள் ஆனது. பாலில் பாதிக்கு மேல் கருப்பியுடையது. சினைக் கிடேரி ஈனும் வரை செவலை பாலை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். செய்தி கேட்ட ஜெயப்பிரியா போனிலேயே கோபித்துக்கொண்டாள். "எல்லாத்தயும் குடுன்னு சொன்னா, நல்ல மாட்டக் குடுத்துட்டுக் கெழ மாட்ட வெச்சினு இருக்கறேங்கற. இன்னாம்மா இது?" செல்வகுமாரி மதகில் நடந்ததைச் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டாள். ஒத்துக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

மடுகரையில் ராஜ்மோகன் என்று ஒருவர் பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். கருப்பிமேல் முன்பே கண் வைத்திருந்தவர். சிமெண்டுத் தரை, மேலே மின்விசிறி, மெஷின் கறவை. அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சம்மதம் சொன்னாள். வண்டி வந்த அன்று பலகையில் ஏற மாட்டேன் என்று கருப்பி நின்றது. ராஜ்மோகனுடைய ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். செல்வகுமாரி அவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தானே வண்டியில் ஏறி நின்றாள். கருப்பி வாளியை முகர்ந்துகொண்டே ஏறிவிட்டது. தானே கூப்பிட்டு ஏற்றியதுதான் பிறகு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கன்றையும் பக்கத்தில் கட்டினாள். இடது பக்கம் உட்கார்ந்து கறந்தால்தான் நிற்கும், சத்தம் போட்டால் பாலை இறக்காமல் ஏற்றிக்கொள்ளும், தண்ணீர் வாளியில் வேறு மாட்டின் எச்சில் பட்டால் குடிக்காது என்று ராஜ்மோகனிடம் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வண்டி போன பிறகுதான், மெஷினில் கறப்பவரிடம் இடது பக்கம் உட்காரச் சொன்னோமே என்று அவளுக்கு உறைத்தது.

நாலு உருப்படி ஆனதும் பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. சொசைட்டியில் கேன் லேசாக இருந்தது. வீட்டில் பல செலவுகள் தள்ளிப்போயின. வெயில் அடித்த நாட்களில், அவசரப்பட்டுவிட்டோமோ என்று இருந்தது. மழை பெய்த நாட்களில், நாலும் அதிகமோ என்று இருந்தது.

கார்த்திகை நடுவில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஆற்றில் தண்ணீர் கறுத்த சிவப்பாக, வேரோடு பிடுங்கிய வாழை மரங்களை உருட்டிக்கொண்டு போனது. கொம்யூன் பஞ்சாயத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்லும் வரை அவள் காத்திருக்கவில்லை. கஞ்சியைக் குடிக்கச் சொல்லி, மாத்திரைகளை ஒரு பையில் போட்டு நாகராஜன் தோளில் மாட்டிவிட்டாள். வைக்கோல் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, செவலைக் கன்றைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவர் மயிலைமேல் கையைப் போட்டார். ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாதபோதே இவர்கள் கிளம்பிப் போவதைப் பார்த்துத் தெருவில் சிலர் கேலி பேசினார்கள். வழியில் மழை வலுத்தது. மதகில் வாய்க்கால் விளிம்பு தட்டி ஓடியது. நாகராஜனின் கோல் ஒரு இடத்தில் வழுக்கியது. அவர் மயிலைமேல் சாய்ந்தார், அது அசையாமல் நின்றது. செல்வகுமாரி வைக்கோல் கட்டைக் கீழே போடப் போனாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மாடுகளைக் கட்டினார்கள். மதியத்துக்குமேல் ஒலிபெருக்கி ஆட்டோ வந்தது. சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேலே வந்து சேர்ந்தார்கள். காசம்மாளும் வந்தாள். உன் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். போன வருஷம் மாதிரி இடுப்புக்கு ஏறுமா என்பதுதான் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட பேச்சு. செல்வகுமாரி மாடுகளையும் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருக்கும் கணவரையும் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். சினைக் கிடேரி நனைந்து நடுங்கியது. தன் பழைய புடவையை அதன் முதுகில் போட்டுக் கட்டினாள்.

நடுவில் மனசு தாங்காமல் ராஜ்மோகனுக்குப் போன் செய்தாள். மடுகரையில் தண்ணீர் இல்லை, கருப்பி நன்றாக இருக்கிறது என்றார். அவள் மறுபடியும் கேட்கவே, அவரே கொட்டகைக்குப் போய்ப் போனில் காட்டினார். மின்விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்ற மாடுகளில் ஒன்று கருப்பி. முதுகுதான் தெரிந்தது. தீனித் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது. செல்வகுமாரி கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள். திரும்பினாலும் கஷ்டம், திரும்பாவிட்டாலும் கஷ்டம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. அணையில் திறப்பைக் குறைத்ததும் மெல்ல வடிந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது கொட்டகை முழுக்கச் சேறு. ஒரு மூலையில் செத்த மீன்கள். ஊரில் சில பேருக்குக் கோழியும் ஆடும் போயிருந்தன. இந்த வீட்டில் நாலு மாடும் நின்றன. கேலி பேசியவர்களில் ஒருத்தர் வந்து, நீ முன்னாடியே போனது நல்லதாப் போச்சு என்றார். அவள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

நாகராஜன் வாசலில் உட்கார்ந்து மயிலைக்கு வைக்கோலை உதறிப் போட்டார். அந்த நடைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தை மாசம் கிடேரி ஈன்றுவிடும், பெண் கன்றாக இருந்தால் சுட்டியின் பேத்தி என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப அஞ்சு ஆவுதே குமாரி?"

அதை அவள் பள்ளிக்கூடத்திலேயே நினைத்துப் பார்த்திருந்தாள். கன்றுக்குட்டியை எந்தக் கையில் பிடிப்பது, மயிலை இன்னும் எத்தனை மழை தாங்கும், அது போய்விட்டால் இவர் யார்மேல் கையைப் போட்டுக்கொண்டு நடப்பார் என்பது வரைக்கும் நினைத்திருந்தாள். சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு, சோறு ஆறிப்போகிறது, எழுந்து வந்து சாப்பிடுங்கள் என்றாள்.